மூன்றாவது ஆறுமுகப்பெருமாள்

அக்டோபர் 14, திங்கள்

ஆண் பிள்ளை.

காலை வழிபாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் முட்டி மோதிப் போய்க்கொண்டிருந்தபோது குமரேசன் சைக்கிளில் வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றான். என் தம்பிக்கு முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது. இன்று அவன் முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"பையன்க்கா" என்றான். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு பேரும் நல்லா இருக்காக" என்றான். அந்த இரண்டாவது பேச்சை அவன் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பயந்துகொண்டே சொல்வதற்கு அது என்ன கெட்ட செய்தியா?

இரண்டாம் வகுப்பை மூன்றாம் வகுப்போடு சேர்த்து உட்காரவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தலைமையாசிரியை ஓடக் கூடாது என்று நானே உதவி ஆசிரியைகளுக்குச் சொல்வதுண்டு. இன்று ஓடினேன்.

நல்ல கனமான பிள்ளை. நெற்றி அப்பாவின் நெற்றி. கையில் வாங்கியதும் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "ஆறுமுகப்பெருமாள் வந்துட்டான்" என்றேன். தம்பி மனைவி மாரிச்செல்வி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். களைப்பு.

அப்பா பெயர் வைத்ததில் இது மூன்றாவது ஆறுமுகப்பெருமாள். மூத்தவன் பல் முளைக்கும் முன்பே போய்விட்டான். அடுத்தவன் குப்புற விழக்கூட இல்லை. இரண்டு பேருக்கும் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. இரண்டும் மழைக்காலத்துப் பிள்ளைகள். இவனும் மழைக்காலத்தில்தான் வந்திருக்கிறான். இருக்கட்டும். இந்த முறை நான் இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்வேன். அந்த இரண்டு பேரையும் தினமும் என் காலில் போட்டுக் குளிப்பாட்டியவள் நான். அவர்கள் பாரம் இன்னும் என் முழங்கால்களில் இருக்கிறது.

அக்டோபர் 17, வியாழன்

தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. ஆரத்தி நான்தான் எடுத்தேன். செல்விக்கு அம்மா இல்லை. சாத்தூரில் பாக்கியம் என்று ஒரு அக்கா இருக்கிறாள். அவளுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேலை, லீவு கிடைக்காது. ஆக எல்லாம் என் தலையில்தான். நான் முணுமுணுக்கவில்லை. குமரேசனை வளர்த்ததும் நான்தானே. அப்பா போனபோது அவன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

வெந்நீர் போட்டு, விளக்கெண்ணெயைச் சூடாக்கி ஆறவைத்து, மணையை எடுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். செல்வி பிள்ளையைக் கொண்டுவரவில்லை. போய்க் கேட்டால், "தொப்புள்கொடி இன்னும் விழல மதினி. நர்ஸ் துணியை நனைச்சுத் துடைச்சாப் போதும்னு சொன்னாக" என்றாள்.

நர்ஸுக்கு என்ன, இருபது வயசு இருக்கும். போகட்டும், கொடி விழும்வரைதானே என்று எழுந்துவிட்டேன். வெந்நீர் வீணாகிவிடக் கூடாதே என்று நானே குளித்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஜாதகம் எழுதக் கொடுத்தேன். விசாக நட்சத்திரம். ஆறுமுகன் பிறந்த நட்சத்திரத்திலேயே பிறந்திருக்கிறான். இதற்கு மேலும் ஒருவருக்கு அத்தாட்சி வேண்டுமா? ஜோசியர்கூட "பேரு முடிவு பண்ணிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, நான் சொன்னதும் தலையைக் குனிந்து கட்டம் போட ஆரம்பித்துவிட்டார். மூத்தவர்கள் இருவருக்கும் ஜாதகம் எழுதியவரும் அவர்தான்.

பெயர் விஷயத்தில் எனக்கு இருக்கும் அனுபவம் இந்த ஊரில் யாருக்கும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்க வருகிறபோது, வீட்டில் கூப்பிடுகிற சின்னக்குட்டி, கருவாயன் தவிர வேறு பெயர் இல்லாமல் எத்தனை பிள்ளைகள் வந்திருக்கின்றன. அப்பன்மார்கள் திருதிருவென்று முழிப்பார்கள். "நீங்களே ஒண்ணு போட்டுவிடுங்க டீச்சர்" என்பார்கள். போட்டுவிடுவேன். இன்று தாலுகா ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற பொற்செழியன் நான் போட்ட பெயர்தான். ஊரார் பிள்ளைக்கெல்லாம் பெயர் வைத்தவள் என் அப்பாவின் பேரனுக்கு வைக்க யாரைக் கேட்க வேண்டும்?

அதோடு முறை என்று ஒன்று இருக்கிறது. முப்பதாம் நாள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுக் காதில் மூன்று தரம் பெயர் சொல்ல வேண்டியவள் அத்தை. அந்தப் பிள்ளைக்கு ஒரே அத்தை நான்.

அக்டோபர் 23, புதன்

அடுத்த வீட்டுப் பார்வதியக்கா பிள்ளை பார்க்க வந்தாள். வந்தவள் பார்த்துவிட்டுப் போகலாம் அல்லவா? என்னைத் தனியாக அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்க் காதைக் கடித்தாள்.

"கனி, நான் சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாத. ரெண்டு தங்காமப் போச்சு. மூணாவதைத் தவிட்டுக்கு வித்துத் திரும்ப வாங்கி, குப்பைன்னோ பிச்சைன்னோ பேரு வைப்பாக. காலன்கூட அந்தப் பேரைக் கேட்டா வேண்டாம்னு போயிருவான். அந்தப் பேரை மட்டும் திரும்ப வைக்காத. கேக்கவே ஒரு மாதிரி இருக்கு."

"எங்க அப்பா பேரு இருக்க வேண்டிய இடத்துல குப்பையா?" என்றேன். என் குரல் வாசல்வரை கேட்டிருக்கும். பார்வதியக்கா காப்பியைக் குடிக்காமலே போய்விட்டாள்.

கோபத்தில் ஒன்று எழுத மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது செல்வி பிள்ளையை மார்மேல் போட்டுக்கொண்டு, அவன் முதுகில் கையை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தூங்கவைக்கிறாள் என்று நினைத்தேன். அவன் எப்போதோ தூங்கிவிட்டான். அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதே வேலை. பார்க்கிற எனக்கே மூச்சு முட்டுகிறது.

அக்டோபர் 26, சனி

கொடி விழுந்துவிட்டது. சந்தோஷமாக வெந்நீர் போட்டேன். என் கைக்கு வேலை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பிள்ளை குளிப்பாட்டுவது எல்லாருக்கும் வராது. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைப் போட்டுக்கொள்ள வேண்டும். கை, கால், முதுகு எல்லாம் எண்ணெய் தேய்த்து நீவ வேண்டும். காதில் சொட்டு, மூக்கில் சொட்டு. பிறகு மூக்கில் வாயை வைத்து ஊத வேண்டும். பிள்ளை ஒரு கணம் மூச்சடைத்து, உடம்பெல்லாம் சிவந்து, பிறகு வீரிட்டுக் கத்தும். பயந்துவிடக் கூடாது. அந்தக் கத்தலில்தான் உள்ளே இருக்கிற சளியெல்லாம் வெளியே வரும். அம்மா குமரேசனுக்குச் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டது.

மணையில் உட்கார்ந்து கூப்பிட்டேன். செல்வி பிள்ளையையும் ஒரு வாளி தண்ணீரையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்விட்டாள். உள்ளே தாழ் விழுந்த சத்தம் கேட்டது. என் வீட்டில், நான் வெளியே உட்கார்ந்திருக்க, தாழ்.

வெளியே வந்ததும் கேட்டேன். "பச்சப்புள்ளக்காரி எதுக்கு குனிஞ்சு நிமிருதே? நான் எதுக்கு இருக்கேன்?"

"பழகிக்கிடுதேன் மதினி."

எவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்! எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. எண்ணெய்க் குப்பியை அடுப்படி ஜன்னலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 28, திங்கள்

பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புக் கூரை ஒழுகுகிறது. சத்துணவு முட்டை வரவில்லை. வீட்டில் இன்றும் தாழ்.

நவம்பர் 1, வெள்ளி

குமரேசன் சாப்பிட்டு முடித்து, கை காய்கிறவரை இலை முன்னால் உட்கார்ந்திருந்தான். ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"அக்கா, தினேஷ்னு ஒரு பேரு..."

"என் பள்ளிக்கூடத்துல ஏழு தினேஷ் இருக்கான். ஒருத்தனைக் கூப்பிட்டா ஏழு பேரும் மூக்கை உறிஞ்சிக்கிட்டு வந்து நிக்கானுக."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே அவனை நான் சிரிக்கவைத்துவிடுவேன். ஆனால் இன்று அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"செல்வியால அந்தப் பேரைச் சொல்ல முடியலைக்கா. மாமனார் பேரு இல்லையா. ரெண்டு புள்ளையையும் அவ ஒரு தடவைகூடப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. ராசா, தம்பின்னே கூப்பிட்டா. கடைசில ஆஸ்பத்திரில நர்ஸ் பேரு கேட்டப்பவும் அவளால சொல்ல முடியல. நான் வந்துதான் சொன்னேன். அதுக்குள்ள..."

மாமனார் பெயரை மருமகள் சொல்லாமல் இருப்பது உலகத்தில் உள்ளதுதானே. நம் குடும்பத்தில் அந்த மரியாதை இன்னும் இருக்கிறது என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன். அதைச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான்.

"அவளுக்குப் பயமா இருக்குக்கா" என்றான்.

"எதுக்குப் பயம்? பேருக்கா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. அடுப்படி ஜன்னலைப் பார்த்தான். எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

நவம்பர் 5, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். செல்வி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நானாகப் பேச்சுக் கொடுக்காமல் அவள் என்னிடம் வந்து நின்றதே இல்லை.

"மதினி, பேரு உங்க இஷ்டம்போலவே இருக்கட்டும். மாமா பேரே இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல."

எனக்குக் கையிலிருந்த செம்பைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"குளிப்பாட்ட மட்டும் வேண்டாம்" என்றாள்.

"ஏன்?"

"குழந்த டாக்டரம்மாகிட்ட போன மாசமே கேட்டுட்டேன். மூக்குல எண்ணெய் விடக் கூடாதாம். ஊதக் கூடாதாம். எண்ணெய் நெஞ்சுக்குள்ள போயிருமாம் மதினி. போனா திரும்ப வராதாம்."

"எங்க அம்மா எனக்கு விட்டா. உன் புருஷனுக்கு விட்டா. நாங்க செத்தா போயிட்டோம்?"

இதைச் சொன்னதும் அவள் பிள்ளையின் தலையைத் தன் கழுத்தோடு அழுத்திக்கொண்டாள். அவள் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. குற்றம் சொல்கிற பார்வை என்றால் திருப்பிக் கொடுத்திருப்பேன். கெஞ்சுகிற பார்வை.

"சரி, தொடல" என்றேன்.

"வாக்கு மதினி?"

"வாக்குத்தான்."

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களை நம்புதேன்" என்றாள்.

ஆக நான் கேட்டது கிடைத்துவிட்டது. அப்பாவின் பெயர் நிற்கும். சந்தோஷமாக இருக்க வேண்டும். ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. எண்ணெய் நெஞ்சுக்குப் போகுமாமே. படித்தவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். நானும் படித்தவள்தான்.

நவம்பர் 7, வியாழன்

அதிரசத்துக்கு மாவு இடித்தேன். பாகு முறுகிவிட்டது. என் வாழ்நாளில் எனக்குப் பாகு முறுகியதில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

தீபாவளி.

விடியும் முன்னே எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளித்தாயிற்று. தெருவில் குழந்தை குட்டியெல்லாம் தலை நிறைய எண்ணெயும் புதுச்சட்டையுமாக நிற்கின்றன. நம் வீட்டுப் பிள்ளை மட்டும் வெறும் தலையோடு தொட்டிலில் கிடக்கிறது. முதல் தீபாவளி அவனுக்கு. வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

குமரேசன் கறிக்கடை வரிசைக்குப் போய்விட்டான். செல்வி பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு பார்வதியக்கா வீட்டுக்குப் போனாள். "தூங்குதான், ஒரு பார்வை பாத்துக்கிடுங்க மதினி" என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் விழித்துக்கொண்டான். என்னைப் பார்த்துச் சிரித்தான். அது வாயுச் சிரிப்பு என்பார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தான்.

நான் வாக்குக் கொடுத்தது குளிப்பாட்டுவதற்கு. இது குளிப்பாட்டுவது இல்லை. நல்ல நாள் அதுவுமாக ஒரு சாங்கியம். எண்ணெயை உச்சியில் வைத்தேன், காதில் வைத்தேன். மூக்கிலும் இரண்டிரண்டு சொட்டு, எப்போதும் விடுகிற மாதிரி. மெதுவாகத்தான் ஊதினேன். கொஞ்சம் புரையேறியது. சிவந்துபோய்க் கத்தினான். தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தேன். செல்வி வருவதற்குள் துடைத்துத் தொட்டிலில் போட்டுவிட்டேன்.

"அழுதானா மதினி?" என்று கேட்டாள்.

"வெடிச் சத்தத்துக்குப் பயந்துட்டான்" என்றேன்.

எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். கறி நல்ல இளசு.

நவம்பர் 11, திங்கள்

பாலைக் கக்கினான். ஊரெல்லாம் பட்டாசுப் புகை.

நவம்பர் 13, புதன்

பெயர் வைத்தாயிற்று.

பெண்களெல்லாம் வந்திருந்தார்கள். சாத்தூரிலிருந்து செல்வியின் அக்கா பாக்கியமும் வந்தாள். வாசலில் மாவிலை கட்டி, தொட்டிலுக்குப் பூச்சுற்றி, சர்க்கரைப் பொங்கல் வைத்து ஒன்றும் குறை வைக்கவில்லை. நான் அரக்குப் பட்டு கட்டிக்கொண்டேன். மூத்தவன் பெயர் சூட்டலுக்கு எடுத்தது.

நாக்கில் சீனித்தண்ணீரைத் தொட்டு வைத்தேன். குனிந்து அவன் காதில் "ஆறுமுகப்பெருமாள்" என்றேன். கூட்டத்தில் பேச்சு நின்றுவிட்டது. இப்படி ஒரு நல்ல காரியத்தில் குலவை போட வேண்டாமா? யாரும் போடவில்லை. பார்வதியக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இரண்டாம் தரம் சொன்னபோது அவன் இருமினான். சின்ன இருமல்தான். காதோடு காதாக இருந்ததால் எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் செல்வி எழுந்து நின்றுகொண்டிருக்கிறாள்.

மூன்றாம் தரமும் சொல்லி முடித்தேன். பாதியில் நிறுத்தக் கூடாது.

எனக்கு அந்த இருமல் தெரியும். எங்கே கேட்டேன் என்று எழுத வேண்டியதில்லை.

நவம்பர் 15, வெள்ளி

காலையில் பால் குடிக்கவில்லை. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. செல்வி ஒரு வார்த்தையும் பேசாமல் பிள்ளையைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கிவிட்டாள். நானும் குமரேசனும் பின்னால் ஓடினோம்.

குழந்தை டாக்டரம்மா உடனே ஆக்ஸிஜன் வைத்தார். நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்த படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மூக்குல, தொண்டையில எண்ணெய் ஏதாவது விட்டீங்களா? யாராவது? யோசிச்சுச் சொல்லுங்க. சாதாரணச் சளியா, எண்ணெய் போனதான்னு தெரிஞ்சாத்தான் நான் சரியா பார்க்க முடியும்."

"இல்ல டாக்டர்" என்றாள் செல்வி. "இந்தப் பிள்ளைக்கு யாரும் விடல. நானே குளிப்பாட்டுதேன். எங்க மதினி தொடமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்காக."

என்னைக் காட்டினாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். மாற்றுத் துணி எடுத்துவர வேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

துணியை மடித்துப் பையில் வைத்தேன். பால் பாத்திரம் விளக்கினேன். வாசலில் வாடிய மாவிலையைக் கழற்றினேன். என்ன செய்தாலும் அந்தப் பிள்ளை வாயைத் திறந்து மூச்சுக்கு அலைகிறதுதான் கண்ணில் நிற்கிறது. சளியாகத்தான் இருக்கும். மழைக்காலம். கார்த்திகை பிறக்கப்போகிறது. போன இரண்டு பேருக்கும் இப்படித்தானே, நெஞ்சுக்குழியில் குழி விழுந்து, கண் மேலே சொருகி

துணியைக் குமரேசனிடம் கொடுத்தனுப்பினேன். நான் போகவில்லை.

நவம்பர் 16, சனி

விடிந்ததும் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்துக்கு ஆய்வாளர் வரும்போதுகூட நான் இப்படி ஒத்திகை பார்த்ததில்லை. போனபோது ஒத்திகையெல்லாம் மறந்துவிட்டது.

பிள்ளை நீலம் பாய்ந்திருந்தது. நகக்கண்ணெல்லாம். செல்வி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஏதோ எழுதிக்கொண்டே, "குழந்தை பேரு என்னம்மா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளால் சொல்ல முடியாதே, நான்தான் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"பேரு இன்னும் வைக்கல" என்றாள் செல்வி. தெளிவாகச் சொன்னாள். நான் நிற்பதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

டாக்டரம்மா உள்ளே வந்தார். மருந்துக்குக் கேட்கவில்லை, பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்றார். ஏன் கேட்கவில்லை என்று புரியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"நான் விட்டேன்" என்றேன்.

யாருக்கும் விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன். "தீபாவளி அன்னைக்கு. விளக்கெண்ணெய். மூக்குல விட்டு ஊதினேன். புரையேறுச்சு."

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. எத்தனை சொட்டு, இருமினானா, நிறம் மாறினானா என்று மளமளவென்று கேட்டார். சொன்னேன். நர்ஸிடம் ஏதேதோ மாற்றச் சொன்னார். பாளையங்கோட்டைக்குப் போன் போட்டு இதையே முதலில் சொன்னார். போகிற போக்கில் திரும்பி, "வீட்டுல முன்னாடி ரெண்டு குழந்தைங்க தவறிருச்சுன்னாங்களே. அதுங்களுக்கும் நீங்கதான் குளிப்பாட்டுனீங்களா?" என்று கேட்டார்.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

செல்வி கத்தவில்லை. என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். குமரேசன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் எழுந்து, கட்டிலின் மறுபக்கம் போய், எனக்கும் பிள்ளைக்கும் நடுவில் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். அவ்வளவுதான் செய்தாள்.

நவம்பர் 17, ஞாயிறு

பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என்னை வர வேண்டாம் என்று குமரேசன் சொன்னான். "அக்கா" என்று சொல்லாமல் அவன் என்னிடம் பேசியது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 18, திங்கள்

எண்ணெய்க் குப்பியைச் சாக்கடையில் கவிழ்த்தேன். குப்பியைக் கழுவினேன். எத்தனை தரம் கழுவினாலும் வழவழப்புப் போகவில்லை. என் கையும் அப்படித்தான் இருக்கிறது.

போன பிள்ளைகள் இருவரும் என்னிடம் எவ்வளவு ஒட்டுதலாக இருந்தார்கள். மூத்தவன் என் குரல் கேட்டால் திரும்புவான். நான் அவர்களை என் உயிராக நினைத்திருந்தேன். இது பொய் இல்லை.

நவம்பர் 20, புதன்

பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வீட்டில் இருக்க முடியவில்லை. நான்காம் வகுப்புக்கு நான்தான் வருகை எடுத்தேன். பெயர் பெயராக வாசித்துக்கொண்டே போனேன். முடித்ததும் ஒருவன் எழுந்து, "டீச்சர், என்னைய விட்டுட்டீக" என்றான்.

"உன் பேரு என்ன?" என்றேன். அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். மூன்று வருஷமாக என்னிடம் படிக்கிற பிள்ளை.

"ஆறுமுகம் டீச்சர்."

"உக்காரு" என்றேன்.

நவம்பர் 22, வெள்ளி

தகவல் இல்லை. இரண்டு தரம் எஸ்.டி.டி. கடைக்குப் போனேன். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்பது, எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது? திரும்பி வந்துவிட்டேன். பார்வதியக்கா வாசலில் நின்றாள். என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

நவம்பர் 26, செவ்வாய்

குமரேசன் வந்தான்.

பிழைத்துவிட்டான். ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்களாம். பால் குடிக்கிறானாம். நெஞ்சில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, போகப் போகத்தான் சரியாகும் என்றார்களாம். "அன்னைக்குச் சொன்னதாலதான் பாக்க முடிஞ்சதுன்னு அங்க பெரிய டாக்டர் சொன்னாரு" என்றான். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னானா, சொல்ல வேண்டியது முறை என்று சொன்னானா தெரியவில்லை. நான் அடுப்படிக்குப் போய் நின்று அழுதேன். சத்தம் வரக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

அவர்கள் இங்கே வரவில்லை. பாக்கியம் வீட்டுக்கு, சாத்தூருக்குப் போகிறார்கள். அங்கேயே ஒரு வீடு பார்த்திருக்கிறானாம். செல்வியின் துணிமணிகளை எடுக்கத்தான் வந்திருக்கிறான். தொட்டில் சேலையை அவிழ்த்தான். மடித்து எடுத்து வைப்பான் என்று நினைத்தேன். கொடியிலேயே போட்டுவிட்டான்.

சோறு போட்டேன். நின்றுகொண்டே சாப்பிட்டான்.

"பேரு வச்சாச்சு" என்றான். "அவளே காதுல சொல்லிட்டா. நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. தூங்குறவனைக்கூட விடுறதில்ல."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் கேட்பேன் என்று காத்திருந்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அவன் அப்படிப்பட்டவன்தான். ஆனால் செல்வி சொல்லக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தால்? அவன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டா?" என்றேன்.

"போதும்" என்றான்.

நவம்பர் 29, வெள்ளி

கோயிலுக்குப் போனேன். பிழைத்தால் வந்து அர்ச்சனை செய்கிறேன் என்று வேண்டியிருந்தேன். கூட்டம். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் நிறையப் பேர். வரிசையில் நின்று முருகன் சன்னதிக்கு முன்னால் வந்தேன். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டார்.

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ."

"விசாகம்" என்றேன்.

"பேரு?"

நின்றேன். பின்னால் ஒரு அம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். என் மருமகன் சாத்தூரில் யாரோ கூப்பிடுகிற ஒரு பெயருக்குத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பான். இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பெயர் வைத்தவள் நான். எத்தனையோ பெயர் வாயில் வந்தது. எதுவும் அவனுடையது இல்லை.

"பேரு சொல்லுங்கோம்மா, நாழியாறது" என்றார் குருக்கள்.

"சாமி பேருக்கே பண்ணிருங்க" என்றேன்.